பசளைப் பையும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமத்தொழில் வரலாறு பெரிதும் கிணற்றின் வரலாறேயாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. மாரி மழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் பெரும்பாலும் இந்த ஒரே நீரே உதவுகின்றது. எனவே நிலத்தில் இடப்படும் எதுவும் ஒருநாள் செம்பில் வந்து சேரக்கூடும் என்பதை மனங்கொண்டே இரசாயனப் பசளையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

முன்னாளில் மாட்டெருவும் ஆட்டெருவும் தோட்டங்களை வளப்படுத்தின. பட்டி அடைத்தல், குழை தாழ்த்தல், பனையோலை புதைத்தல் ஆகியன வழக்கில் இருந்தன. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பெற்றபோது பயிர்ச்செய்கை செறிவடைந்தது. 1962இல் பசளை மானியம் அறிமுகமாயிற்று. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை குடாநாட்டுக் கமக்காரருக்கு நல்விலையைத் தந்தது. விலை ஏறவே, இட்ட பசளையின் அளவும் ஏறிற்று.

யூரியா மண்ணில் முதலில் அமோனியமாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. பயிர் உறிஞ்சாது விட்ட நைத்திரேற்றை மண் பற்றி வைப்பதில்லை. மழையோடும் இறைப்பு நீரோடும் அது கீழே இறங்கிவிடும். மாட்டெருவும் மலக்குழிகளுங்கூட இதற்குக் காரணமாவதால் முழுப் பழியையும் பசளையின்மேல் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும் 1980களில் நடைபெற்ற ஆய்வுகள், செறிந்த பயிர்ச்செய்கை நிகழும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவைக் கடந்திருந்ததைக் காட்டின. உலக சுகாதார தாபனம் வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். அதனை மீறிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்க நேரிடலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாக, அதன் செறிவு கூடவே செய்யும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் யூரியாவும் இடம்பெற்றது. வெடிபொருள் ஆக்க உதவும் என்ற அச்சமே அதற்குக் காரணம். 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. இவ்விரு தடைகளும் பை வருவதை நிறுத்தின. வந்த பையை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதைக் கற்பிக்கவில்லை.

அதைக் கற்பிக்காமையின் விளைவைப் பிறநாட்டு வரலாறு கூறும். 1921இல் ஜேர்மனியின் ஒப்பாவிலும், 1947இல் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சஸ் நகரத் துறைமுகத்திலும் அமோனியம் நைத்திரேற்று வெடித்து ஒவ்வோரிடத்திலும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெய்ரூற் துறைமுகத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த 2,750 தொன் அப்பொருள் 2020 ஓகஸ்ற் 4ஆந் திகதி வெடித்து இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. யூரியா தானாக அவ்வாறு வெடிப்பதன்று. ஆனால் கடுஞ்சூட்டில் அமோனியா வாயுவை வெளிவிடும். ஆகவே களஞ்சியத்தில் எப்பசளை உள்ளதென்பதை அறிந்திருத்தலே முதற்காவல்.

குடாநாட்டுக்கு ஏற்ற ஒழுங்குகள் எளியவை. களஞ்சியம் கிணற்றுக்குத் தொலைவில், ஒழுக்கற்ற கூரையுடனும் சீமெந்துத் தரையுடனும் அமைதல் வேண்டும். பைகளைப் பலகைமேல் அடுக்குதலும், எரிபொருள், கிருமிநாசினி, விதை என்பவற்றிலிருந்து பிரித்து வைத்தலும் அவசியம். சிந்திய பசளையை நீரால் கழுவாது, உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ள வேண்டும். கழுவிய நீர் நாடும் இடமும் கிணறே. என்ன இருப்பில் உள்ளது, எவரை அழைப்பது, மாற்று நீர் எங்கிருந்து வரும் என்பன முன்னரே எழுதப்பட்டிருத்தல் நன்று.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையானபோது, மக்கள் பவுசர் நீரை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. எண்ணெய் படலமாக மிதந்தமையால் கண்ணுக்குப் புலப்பட்டது. நைத்திரேற்றுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. கண் காணாத அந்த ஆபத்தைக் கிணற்று நீர்ச் சோதனையொன்றே காட்டித் தரும். வெடித்துச் சிதறும் பசளையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஓசையின்றி நீரில் இறங்கும் பசளையை நினைவில் வைத்திருக்க வேண்டியது குடாநாட்டின் கடனாகும்.