யார் கை வைத்தால் குருவானவர்?

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில், திருவிதாங்கூர்-கொச்சி பேராயர் சி.கே. ஜேக்கப் ஓர் அறிவிப்பை வாசித்தார். ஆங்கிலிக்கன் சபை, மெதடிஸ்ட் சபை, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இனி ஒன்று. அதன் பெயர் தென்னிந்தியத் திருச்சபை. அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். மதுரை-இராமநாதபுரம் பேராயத்துக்கு வந்த லெஸ்லி நியூபிகின் அவர்களில் ஒருவர். ஸ்காட்லாந்துச் சபையில் குருப்பட்டம் பெற்றவர். பேராயர் என்ற பதவியே இல்லாமல் பல நூறு ஆண்டுகள் நடந்துவந்த சபை அது.

லண்டனில் பலருக்கு இந்தச் செய்தி கசந்தது.

ஆங்கிலிக்கன் நம்பிக்கைப்படி, குருவானவரின் தலைமேல் பேராயர் கை வைக்க வேண்டும். அந்தப் பேராயரின் தலைமேல் அவருக்கு முந்தைய பேராயர்கள் கை வைத்திருக்க வேண்டும். இப்படியே பின்னோக்கிப் போனால் அப்போஸ்தலர் காலத்தைத் தொடலாம் என்பது உயர்சபைப் பிரிவினரின் பிடிவாதம். சங்கிலி அறுந்தால் குருத்துவம் இல்லை. குருத்துவம் இல்லையென்றால் அவர் தரும் திருவிருந்தும் சந்தேகத்துக்குரியது. மற்ற இரு சபையாருக்கு இது அவமதிப்பாகப் பட்டது. ஐம்பது வருஷம் ஊழியம் செய்த போதகரைப் பார்த்து, “வாருங்கள், உங்களை முறைப்படி குருவாக்குகிறோம்” என்றால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

இந்த வழக்குக்குச் சென்னை எப்படிக் களமானது என்பதைப் புரிந்துகொள்ளக் கட்டடங்களையே பார்க்கலாம். கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் வரைந்து, தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டி, 1816 ஜனவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது புனித ஜார்ஜ் ஆலயம். 1835இல் சென்னைக்கென்று தனிப் பேராயம் அமைந்து டேனியல் கோரி முதல் பேராயரானபோது அது பேராலயமாயிற்று. அதே டி ஹாவிலண்ட் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழும்பூரில் கட்டியது புனித அந்திரேயா ஆலயம், 1821. இராயப்பேட்டையில் மெதடிஸ்டுகளின் வெஸ்லி ஆலயம். ஒரே ஊர், ஒரே வேதாகமம்; ஆனால் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுப் பந்தியில் உட்காரக் கூடாது.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த இந்தப் பிரிவினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்களில் முதன்மையானவர் வி.எஸ். அசரியா. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி தோர்ணக்கல்லுக்குப் போனவர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கூடி ஐக்கிய அறிக்கை வெளியிட்டார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அசரியாவும், ஐக்கிய சபையின் வி. சந்தியாகுவும் அதில் முன்நின்றார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய பேச்சுவார்த்தை முடிய கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. திட்டத்தின் வரைவு 1929இல் வெளிவந்த பிறகும் பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தங்கள். 1945 ஜனவரி முதல் தேதி அசரியா காலமானார். ஐக்கியத்தை அவர் பார்க்கவில்லை.

எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. ஆங்கிலிக்கன் உயர்சபைப் பற்றாளரான கவிஞர் டி.எஸ். எலியட், 1943இல் இந்தத் திட்டத்தைத் தாக்கி ஒரு சிறு நூலே எழுதினார். அழிவின் வழியாக ஐக்கியம் என்பது தலைப்பின் பொருள். தரங்கம்பாடியை அவர் எப்போதாவது பார்த்திருந்தால் தொனி கொஞ்சம் மாறியிருக்குமோ என்னவோ.

சென்னையில் கண்டுபிடித்த வழி எளிமையானது, ஒருவகையில் தந்திரமானதும்கூட. இணையும் நாளில் மூன்று சபைக் குருமார்களும் மறு அபிஷேகம் இல்லாமல் அப்படியே ஏற்கப்படுவார்கள். இனிமேல் வரப்போகிற குருமார்கள் எல்லாருக்கும் பேராயரே கை வைப்பார். எந்தச் சபையின் மீதும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத குருவையோ வழிபாட்டு முறையையோ திணிக்கக் கூடாது என்று உறுதிமொழி. முப்பது ஆண்டு கழித்து மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம். பேராயர் பதவியை ஏற்க வேண்டும். அது ஏன் அவசியம் என்ற கோட்பாட்டை ஏற்க வேண்டியதில்லை. முகூர்த்தத்தை முடித்துவிட்டுச் சீர்வரிசைக் கணக்கைப் பிறகு பார்ப்பது போலத்தான். இங்கிலாந்திலோ கணக்கை முதலில் தீர்க்கப் பார்த்தார்கள். ஆங்கிலிக்கன்-மெதடிஸ்ட் இணைப்புத் திட்டம் 1972இல் வேண்டிய பெரும்பான்மை கிடைக்காமல் விழுந்தது.

வழிபாட்டில்தான் இந்தக் கலப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆங்கிலிக்கன்களுக்குப் பொது ஜெப புத்தகம் உயிர். அச்சடித்த ஜெபம் ஆவியை அணைத்துவிடும் என்பார்கள் மற்றவர்களில் பலர். 1950இல் திருச்சபையின் பொதுப் பேரவையான சினாட் கூட்டத்தில் புதிய திருவிருந்து ஒழுங்கு முதன்முதலாகப் பயன்பட்டது. குருவானவர் மேசைக்குப் பின்னால், சபையைப் பார்த்து நின்றார். ரோமன் கத்தோலிக்கர்கள் பரவலாக அப்படி நிற்கத் தொடங்கியது 1960களில்தான். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து சமாதானம் பகிர்தல் வந்து சேர்ந்தது: தருபவரின் வலது உள்ளங்கை பெறுபவரின் வலது உள்ளங்கையில் படிய, இருவரும் இடது கையால் அதை மூடிக்கொள்வார்கள். மேசையில் தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை கைமாறிப் போகும். யாருடைய கை செல்லும் என்று கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாதாடிய சபை, கையைப் பற்றிச் செய்த மிக அழகான காரியம் இதுதான். உலகின் பல ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் ஜெப புத்தகங்களைத் திருத்தியபோது இந்த ஒழுங்கைப் புரட்டிப் பார்த்தன.

லண்டன் மெதுவாகத்தான் இறங்கிவந்தது. 1948இல் ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாட்டில் புதிய பேராயர்களை ஏற்பதா என்பதில் ஒருமித்த கருத்து எட்டவில்லை. 1955இல் இங்கிலாந்துச் சபை வரம்புகளோடு அங்கீகாரம் தந்தது. நியூபிகின் 1965இல் சென்னைப் பேராயராக வந்து 1974 வரை இருந்தார்; அதற்குள் அந்தப் பழைய கேள்வியைச் சென்னைச் சபைகளில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்று திருச்சபையின் பெயர் செய்தித்தாளில் அடிபடுவது பெரும்பாலும் தேர்தல் வழக்குக்கும் சொத்து வழக்குக்கும்தான்.

ஆந்திரத்தின் நந்தியாலில் மட்டும் ஆங்கிலிக்கன்களில் பெரும்பகுதியினர் 1947இல் இணைய மறுத்து வெளியே நின்றார்கள். பிற்பாடுதான் வந்து சேர்ந்தார்கள். அதே நந்தியாலுக்குத்தான் 2013 செப்டம்பரில் இ. புஷ்பா லலிதா, தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராகப் போனார். இங்கிலாந்துச் சபை தன் முதல் பெண் பேராயரின் தலைமேல் கை வைத்தது 2015 ஜனவரியில்.