'கலா'வில் கேட்காமல் போன ஒலி: ஒரு விமர்சன மரபின் வரலாறு

எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி மாயா அருள்பிரகாசம் தந்தையின் பெயரில் 'அருளர்' என்ற முதல் இசைத்தொகுப்பை 2005இல் வெளியிட்டார். தாயின் பெயர் தாங்கிய இரண்டாவது தொகுப்பு 'கலா' 2007 ஆகஸ்டில் வந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் அதை அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பாகத் தேர்ந்தது. இந்தப் பாராட்டைப் புரிந்துகொள்ள, 2005இல் வில்லேஜ் வாய்ஸ் இதழில் சைமன் ரெனால்ட்ஸ் முன்வைத்த வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும். கலைக்கல்லூரியில் படித்த லண்டன்காரிக்கும் பிரேசில் சேரிகளின் ஃபங்க் இசைக்கும் உண்மையான உறவு ஏதுமில்லை, தோலின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம். பிரேசிலைப் பொறுத்தவரை இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியே பிழையானது. இரவல் வாங்கிய ஒலிகளை மட்டும் வைத்து உறவைச் சோதித்தவர், சொந்த ஒலி என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அதே இதழில் ராபர்ட் கிறிஸ்கோ எம்.ஐ.ஏ.வின் ஈழப் பின்னணியை விரிவாகவே பேசினார். அதுவும் பெரிதும் அரசியலாக நின்றது, இசையாக அல்ல. 'கலா'வைப் புகழ்ந்தவர்கள் ரெனால்ட்ஸின் குற்றச்சாட்டைத் தலைகீழாக்கினார்கள், அவ்வளவுதான். வேரில்லாமை குறையாக இருந்தது போய், பல நாட்டு ஒலிகளின் கலவை என்ற பெருமையாயிற்று.

இந்த இரண்டு வாசிப்பும் தடுமாறும் இடம் தொகுப்பின் முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'. அதன் வரிகளில் ஜொனாதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' ஒலிப்பதை மேலைச் செவிகள் உடனே பிடித்துக்கொண்டன. அதே பாட்டில், மணிரத்னத்தின் 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துணுக்கும் எடுத்தாளப்பட்டிருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஜேசுதாஸும் பாடிய பொங்கல் கொண்டாட்டப் பாட்டு அது. இளையராஜா பிறந்த ஊர் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரம். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளில் இன்னும் வெளிப்படையாக உறுமி அதிர்கிறது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனக வைத்து, மறு முகத்தை அடித்து வாசிக்கும் தோற்கருவி அது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்ப் பழகிய அந்த வட்டாரத்துக்காரர் இந்த முனகலைக் கேட்டால் எந்த நாட்டு ஒலி என்று விசாரிக்க மாட்டார். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மேளக் கலைஞர்களை உட்கார வைத்துப் பதிவு செய்த ஒலியை, அலங்காரத்துக்கு ஒட்டிய வண்ணக் காகிதமாக எண்ணுவது சரியாகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 'காட்டுக்குயிலு' நாட்டுப்புறப் பதிவு அல்ல, திரையிசை. ஆகவே அதை வேர் என்பது மிகை எனலாம். பண்ணைப்புரத்து மண்ணிலிருந்து நேரே லண்டனுக்கு ஒரு கோடு இழுக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்துவிட்டு அகதியாக லண்டன் திரும்பிய ஒருவருக்குத் தமிழ்த் திரையிசை அயலார் கடைச் சரக்கும் அல்ல. புலம்பெயர்ந்த வீடுகளில் ஊர் என்பது பெருமளவு ஒலிநாடாக்களின் வழியாகவே உயிரோடிருந்தது. ஸ்விட்ச் போன்ற இணைத் தயாரிப்பாளர்களின் கைவண்ணமாக இதைப் பார்க்கலாமே என்பது இரண்டாவது மறுப்பு. தம் இசையை ஆண் தயாரிப்பாளர்களின், குறிப்பாக டிப்ளோவின், ஆக்கமாகச் சித்திரிப்பதை எம்.ஐ.ஏ. 2007இலேயே பிட்ச்ஃபோர்க் நேர்காணலில் கடுமையாக எதிர்த்தார். அவர் கூற்றை மட்டுமே சான்றாகக் கொள்ள முடியாதுதான். ஆயினும் ஒரு தொகுப்பில் தமிழ்த் திரைப்பாட்டும், உறுமியும், 'ஜெயம்' படப் பாட்டின் துணுக்கும் சேர்ந்தே வருவதைத் தற்செயல் என்பதைவிடத் தெரிவு என்று கொள்வதே பொருந்தும்.

'கலா'வுக்கான விமர்சன வரவேற்பு எப்போது தொடங்கியது என்று வரையறுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. 'பேர்ட் ஃப்ளூ' 2006இலேயே இணையத்தில் வெளிவந்தது. அதைத் தொடக்கமாகக் கொண்டால் முதலில் விமர்சகர் செவிக்கு எட்டியது உறுமிதான். தொகுப்பு வந்த 2007ஐக் கொண்டால் கலவைதான். 2008இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிய பிறகு நிலைமை மேலும் சிக்கலாயிற்று. அந்தப் பாட்டின் அடித்தளம் தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு. 'கலா' பற்றிய பிற்காலப் பேச்சு அதைச் சுற்றியே குவிந்ததால், முதல் பாட்டிலேயே ஒலித்த இளையராஜாவைப் பற்றிய பேச்சு இன்னும் பின்னுக்குப் போயிற்று.