வடக்கு எரிவாயு வயல் (கத்தார்)

வடக்கு எரிவாயு வயல் என்பது பாரசீக வளைகுடாவில், கத்தார் நாட்டின் வடகிழக்குக் கடற்பகுதியில் அமைந்துள்ள இயற்கை எரிவாயு வயல் ஆகும். சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இவ்வயலும் ஈரானின் தெற்கு பார்ஸ் வயலும் கடலடியில் ஒரே தேக்கமாக உள்ளன. உலகில் அறியப்பட்ட எரிவாயுத் தேக்கங்களில் இதுவே மிகப் பெரியது. எனினும், 1971இல் கண்டறியப்பட்ட இந்த எரிவாயு கப்பலேற 25 ஆண்டுகள் ஆயின. வாங்குவோர் இல்லாததே இதற்கு முதன்மைக் காரணம்.

கண்டுபிடிப்பு

முத்துக்குளிப்பை நம்பியிருந்த கத்தார், 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகளால் சந்தையை இழந்து வறுமையுற்றது. பின்னர் துக்கான் வயலின் எண்ணெய் கைகொடுத்தது. 1949இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1971இல் ஷெல் நிறுவனம் எண்ணெய் தேடிக் கடலில் துளையிட்டபோது எரிவாயு கிடைத்தது. நாடு விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். ஆனால் இக்கண்டுபிடிப்பு அன்று பெரிய மகிழ்ச்சியைத் தரவில்லை. எண்ணெயைக் கப்பலில் ஊற்றி எங்கும் அனுப்பலாம். எரிவாயுவுக்குக் குழாய் தேவை. பெருமளவில் வாங்கக்கூடிய நாடுகளோ தொலைவில் இருந்தன.

திரவமாக்கும் முறை

எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்குவதே இதற்குத் தீர்வாக அமைந்தது. கடலில் உள்ள கிணற்று மேடைகளிலிருந்து எரிவாயு கடலடிக் குழாய்கள் வழியே தோகாவுக்கு வடக்கே உள்ள ராஸ் லஃபான் நகருக்கு வருகிறது. அங்கு அதனுடன் வரும் இலேசான எண்ணெய் முதலில் பிரிக்கப்படுகிறது. இதைத் தனியே விற்றும் வருவாய் ஈட்டப்படுகிறது. பின்னர் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு, நீர் ஆகியவை நீக்கப்படுகின்றன. நீர் எஞ்சியிருந்தால் குளிரில் உறைந்து குழாய்களை அடைத்துவிடும். தூய்மையான எரிவாயு சுமார் −162 பாகை செல்சியசில் திரவமாகி, 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

ஒப்பந்தங்கள்

1984இல் கத்தார்கேஸ் நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஆலை, சிறப்புக் கப்பல்கள், இறக்குமதி முனையம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் அமைந்தாக வேண்டும். ஒன்று இல்லையெனில் மற்றவை வீண். ஆகவே நீண்டகால வாங்குநர் கிடைக்காமல் இத்தகைய திட்டத்திற்குக் கடன் பெறுவது கடினம். 1991இல் உள்நாட்டுத் தேவைக்கு மட்டும் எரிவாயு எடுக்கப்பட்டது. 1992இல் ஜப்பானின் சூபு மின் நிறுவனம் ஆண்டுக்கு 40 இலட்சம் டன் வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அதன் பின்னரே திட்டம் உறுதியானது. 1996 டிசம்பரில் புறப்பட்ட முதல் கப்பல் 1997 சனவரியில் ஜப்பானை அடைந்தது. 1999இல் தென்கொரியாவுக்கும் ஏற்றுமதி தொடங்கியது.

அதே 1999இல் இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் ஆண்டுக்கு 75 இலட்சம் டன் வாங்க 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. குஜராத்தின் தகேஜ் முனையம் 2004இல் செயல்படத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில், 2028 முதல் மேலும் 20 ஆண்டுகளுக்கு இவ்வொப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

கட்டுப்பாடும் விரிவாக்கமும்

விரைவாக எடுப்பது தேக்கத்தின் அழுத்தத்தைப் பாதிக்குமா என ஆராய்வதற்காக, 2005இல் புதிய திட்டங்களைக் கத்தார் நிறுத்திவைத்தது. முன்பே தொடங்கிய பணிகளால் 2010இல் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 7.7 கோடி டன்னை எட்டியது. 2017இல் தடை நீக்கப்பட்டு விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. தேக்கம் இரு நாடுகளுக்கும் பொதுவானது என்பதால், கத்தார் எடுக்காமல் விடும் எரிவாயு முழுவதும் கத்தாருக்கே எஞ்சும் என்ற உறுதி இல்லை. சேமிப்பதா, எடுப்பதா என்பது இவ்வயலைப் பொறுத்தவரை கத்தார் தனித்து விடை காணக்கூடிய கேள்வி அன்று.