ரூபாவின் விளிம்பு



மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர் கோப்பியையும் தேயிலையையும் பற்றி விரிவாகக் கூறுவர். அவற்றைப் பறித்த கைகளில் வந்து விழுந்த நாணயத்தைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலரே.

1872 ஆம் ஆண்டில் ரூபா, சதம் என்னும் கணக்கு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. சதக் காசுகள் இலங்கையின் பெயரால் அச்சிடப்பட்டன. ரூபாவோ இந்திய வெள்ளி ரூபாவே. தமிழகத்துக் கிராமத்திற் கங்காணி நீட்டிய முன்பணமும், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் பெற்ற சம்பளமும் இந்த ரூபாவிலேயே கணக்கிடப்பட்டன. 1917 இல் இலங்கை அரசாங்கம் ஒரு ரூபாத் தாளை வெளியிட்ட பின்னரும், ஊருக்கும் தோட்டத்துக்குமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு வெள்ளி ரூபா அந்நியமாகிவிடவில்லை.

அத்தகைய குடும்பத்துக்கு ஒரு கள்ள ரூபா எத்துணை இழப்பு? 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுக்கு முதலில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். ஆகவே ஒரு செல்லாக்காசு ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். பெண்ணுக்கோ இரண்டு பேருக்கும் மேல். அட்டை கடித்த காலோடு மழையில் நின்று பறித்த கொழுந்தின் விலை அது. (கங்காணியின் கணக்கேடு பறித்ததோடு ஒப்பிட்டால் கள்ளக்காசு பறித்தது சொற்பமே என்பதும் என் கருத்து. கடனைச் சுமத்தி ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.)

பழைய ரூபாவின் எடை 180 தானியம். பன்னிரண்டிற் பதினொரு பங்கு வெள்ளி. கல்லின்மேற் சுண்டினால் அதன் ஓசையே சாட்சி சொல்லும். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த போலிக்கு அந்த ஓசை வாராது. எழுத்தறியாதவருக்கும் செவி இருந்தது.

இரண்டாம் உலகப் போர் அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டது. 1940 இல் இந்திய அரசாங்கம் ரூபாவின் வெள்ளியைச் சரிபாதியாகக் குறைத்தது. எஞ்சியதில் 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. வெள்ளி குறைந்த நாணயத்தைப் போலி செய்வது எளிது என்பதை அரசாங்கம் அறியாமலில்லை. ஆதலால் மன்னர் தலையையோ எழுத்தையோ நம்பாமல், விளிம்பை மாற்றியது. முன்பு நேர்கீற்றுக்கள் மட்டும் இருந்த ஓரத்தின் நடுவே பள்ளமிட்டு, அப்பள்ளத்துள் நுண்ணிய வேலைப்பாட்டைப் பொறித்தது. இதற்குக் காப்பு விளிம்பு என்று பெயர்.

ஏன் விளிம்பு? கள்ளக்காசு செய்வோன் நல்ல நாணயத்தின் இரு முகங்களையும் களிமண்ணில் எளிதிற் படியெடுத்து விடுவான். ஆனால் அச்சின் இரு பாதிகளும் ஓரத்திலேதான் சந்திக்கும். அங்கே தடம் விழும். அதை அரத்தால் அராவினால் கீற்று அழியும். கீற்றுக்கும் உள்ளே பள்ளமும் வேலைப்பாடும் இருந்தாலோ அவன் பாடு பெரும்பாடு. செவி செய்த சோதனையை இனி நகம் செய்யவேண்டியதாயிற்று. அண்மையில் இங்கிலாந்தும் இவ்வழியிலேயே சென்றது. முப்பது பவுண் நாணயங்களில் ஒன்று போலி என்று மதிப்பிடப்பட்ட நிலையில், 2017 இல் வட்டப் பவுணைக் கைவிட்டுப் பன்னிரு பக்க நாணயத்தை வெளியிட்டது.

காப்பு விளிம்புக்கு ஒரு விலையும் இருந்தது. 1941 முதல் 1943 வரை பழைய வெள்ளி ரூபாக்கள் படிப்படியாகச் சட்டச் செலாவணியிலிருந்து நீக்கப்பட்டன. பெட்டியடியில் விக்டோரியா ரூபாக்களைச் சேமித்து வைத்திருந்த ஏழை, கெடுவை அறியாதிருந்தால், அவை வெறும் வெள்ளித் துண்டுகளாயின. கள்ளனுக்காகக் கட்டிய வேலி நல்லவன் காலிலும் தைத்தது.

1947 இல் இந்தியா வெள்ளியை முற்றாக நீக்கித் தூய நிக்கலில் ரூபாவை அச்சிட்டது. பின்புறத்திற் புலி, ஓரத்தில் அதே காப்பு விளிம்பு. ஈயம் 327 பாகையில் உருகும். நிக்கலை உருக்க 1455 பாகை வேண்டும். பட்டறை உலையில் வார்த்துவிடக்கூடிய பொருளன்று அது. அன்றியும் நிக்கலைக் காந்தம் இழுக்கும், ஈயத்தை இழுக்காது. செவிக்கும் நகத்துக்கும் துணையாக, பள்ளிச் சிறுவன் சட்டைப்பையிற் கிடக்கும் காந்தத் துண்டும் நாணயச் சோதனைக்கு உதவும் கருவியாயிற்று.