பவுண்டேஷன்: ஒரு ரப்பர் துண்டின் பாடபேதம்

புணே நகரின் நானா பேட் பகுதியில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் நெருங்கி நிற்கும் தெருக்கள் உள்ளன. ('பேட்' நம் 'பேட்டை'யின் உறவுச்சொல் என்பதைத் தமிழ் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) அங்கே பழைய பியட் காருக்கு 'கியர்பாக்ஸ் மவுண்டிங்' கேட்டால், கடைக்காரர் உள்ளே திரும்பி 'பவுண்டேஷன்' என்று குரல் கொடுப்பார். தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் இச்சொல் வழங்குகிறது. இரும்புத் தகடுகளுக்கு இடையே ரப்பரை வார்த்து ஒட்டிய சிறு பொருள் அது. அசையாத ஒன்றுக்குரிய பெயர், அசைந்து கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு எப்படி வந்தது? ஆலைகளின் நீராவி எந்திரங்களைக் கல்லும் காரையும் கொண்ட அடித்தளத்தின்மீது நிறுத்திப் பழகிய தொழிலாளர் வழக்கு, எந்திரம் வண்டியில் ஏறியபோது தானும் கூடவே ஏறிக்கொண்டது என்று கருதுகிறேன்.

தொடக்ககாலக் கார்களுக்கு இப்பெயர் பொருந்தியே இருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் சட்டகத்தோடு நேரடியாக முடுக்கப்பட்டன. எஞ்சினின் ஒவ்வொரு உதறலும் பயணியின் பற்கள்வரை எட்டியது. ரப்பரை இடையில் வைக்கும் முயற்சிகள் 1920களிலேயே நடந்தன எனினும், 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் கொண்டுவந்த 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற ஏற்பாடே திருப்புமுனை. முன்தாங்கியை உயரத்திலும், பின்தாங்கியைத் தாழ்வாகக் கியர்பாக்ஸின் பக்கத்திலும் அமைத்தனர். இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு எஞ்சின் தொகுதியின் ஈர்ப்பு மையத்தை ஒட்டிச் செல்லும். எஞ்சினின் ஆட்டத்தை அடக்கிப் பிடிக்க அவர்கள் முயலவில்லை. தன் இயல்பான அச்சைச் சுற்றி அது ஆடட்டும், அந்த ஆட்டம் சட்டகத்துக்குச் செல்லாமல் ரப்பரோடு நின்றுவிடட்டும் என்று விட்டார்கள். பிரான்சின் சிட்ரோயன் இதற்கு உரிமம் பெற்று, அன்னப்பறவைச் சின்னத்தோடு விளம்பரப்படுத்தியது.

ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் 1930–32 ஆண்டுகளில்தான். இவ்விரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய மோட்டார் வரலாறு எதையும் நான் படித்ததில்லை.

கிரைஸ்லரின் கார்கள் இந்தியாவிலும் பூட்டப்பட்டன. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயின் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளை உருவாக்கியது. பின்னர் அதே ஆலை பியட் பக்கம் திரும்பியது. 1964இல் வந்த 'பியட் 1100 டிலைட்' 1972இல் 'பிரீமியர் பிரசிடென்ட்' ஆகி, 1974இல் 'பத்மினி' என்று பெயர் பெற்றது. இந்த வண்டியில் கியர்க்கோல் ஸ்டீயரிங் தண்டை ஒட்டி, உடற்கூட்டோடு பிணைந்துள்ளது. கியர்பாக்ஸோ ரப்பர்மீது அமர்ந்துள்ளது. ரப்பர் அமுங்கினால் இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்புக் கம்பிகளின் கணக்குத் தவறும், கியர் விழாது. பழி பெரும்பாலும் கிளட்ச்மீதுதான் விழுகிறது.

ரப்பர் ஓடினாலும் மூப்படையும், ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். ஆக்சிஜனும் ஓசோனும் அதை வெடிக்கச் செய்யும்; கசியும் எண்ணெய் ஊதவைக்கும்; சுமை நிரந்தரமாக அமுக்கிவிடும். மாற்றும் முறை கடினமன்று. முதலில் எண்ணெய்க் கசிவை நிறுத்த வேண்டும். பிறகு கியர்பாக்ஸின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கினால் தாங்கி, குறுக்குச்சட்டத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, சுமையை இறக்கி, எஞ்சினைச் சிறிது ஓடவிட்ட பின்னரே இறுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கட்டுண்டு, விரைவில் கிழியும்.

கடினமானது வேறு: புதியது எங்கே கிடைக்கும்? 2021இல் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டிகளையே 'வின்டேஜ்' என வரையறுக்கின்றன. இரும்புக்கு இவ்வரையறை பொருந்தும். ஐம்பது ஆண்டு மூல ரப்பர் என்பதோ பெரும்பாலும் பயனற்ற ரப்பர். பெட்டி பிரிக்காத பழைய இருப்பு கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டம் எனக்குப் புரிவதில்லை. அலமாரியிலும் காலம் ஓடத்தான் செய்கிறது.

ஆகவே மிஞ்சும் வழி, சிறு வார்ப்புப் பட்டறையில் மாதிரியைக் கொடுத்துப் படியெடுப்பது. தகடுகளைத் தேய்த்துத் தூய்மையாக்கி, ஒட்டுக்கரைசல் பூசி, அச்சில் ரப்பரை நிரப்பிச் சூட்டில் அழுத்துகிறார்கள். சுவடிப் பதிப்பு படிக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாம் கொடுக்கும் மாதிரி ஏற்கெனவே அமுங்கியது; சிதைந்த ஏடு. அதன் உயரத்தை அப்படியே அச்சாக்கினால் புதிய துண்டு சில மில்லிமீட்டர் குட்டையாகப் பிறக்கும். சுமை ஏறியதும் இன்னும் இறங்கும். கியர்பாக்ஸின் பின்புறம் தாழ்ந்து, புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் மாறி, பழைய நடுக்கம் புதிய ரப்பரோடு திரும்பி வரும். அடுத்தவர் இந்தப் படியையே மாதிரியாகக் கொண்டு சென்றால் பிழை தலைமுறை காண்கிறது. ஏடெழுதுவோர் பிழை பெருகும் விதமும் இதுவே.

தேர்ந்த பட்டறைக்காரர் ரப்பரை நம்பி அளவெடுப்பதில்லை. தகடு, போல்ட் துளை, குறுக்குச்சட்டம் என மாறாத பாகங்களிலிருந்து மூல உயரத்தை மீட்கிறார். தேய்மானம் குறைந்த ஓரத்தை வைத்துச் சரிபார்க்கிறார். கடினத்தன்மையை நகத்தால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுகிறார்; மீட்டர் வைத்திருப்பவர்களும் உண்டு. மிகக் கடினமாக வார்த்தால் 1931க்கு முந்தைய கார் ஆகிவிடும். மிக மென்மையாக வார்த்தால் எஞ்சின் குதிக்கும். இந்த அறிவு பெரும்பாலும் கைப்பழக்கமாகவும் கடையின் பழைய குறிப்பேடுகளிலும் இருக்கிறது. கார்க் கண்காட்சிகளின் விளக்கப் பலகைகளில் அதற்கு ஒரு வரி கிடைத்து நான் பார்த்ததில்லை.

இப்பொருளுக்கும் இதைச் சேர்ந்த வேலைகளுக்கும் வழங்கும் பட்டறைச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். உங்கள் ஊரில் இதைப் பவுண்டேஷன் என்கிறார்களா, மவுண்டிங் என்கிறார்களா, வேறு பெயர் உண்டா? ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.