கள் மண்டி

கள் மண்டி என்பது பனை, தென்னை, ஈச்ச மரங்களிலிருந்து இறக்கப்படும் சாறு நொதித்துக் கள்ளாகும்போது கலயத்தின் அடியில் தங்கும் வெண்ணிறப் படிவு ஆகும். இதன் முக்கியப் பகுதி ஈஸ்ட்டு எனப்படும் மதுவத்தின் உயிரணுக்கள். வீட்டில் வடிக்கப்படும் பியரின் அடியில் தங்கும் படிவும் இதே வகையைச் சேர்ந்தது. இதனைக் குடிப்பது நஞ்சு என்று ஒரு சாராரும், உடலுக்கு வலுவூட்டும் என்று மற்றொரு சாராரும் கருதுவதுண்டு. இவ்விரு கருத்துக்களும் முழுமையாகச் சரியானவை அல்ல.

உருவாகும் விதம்

பாளையைச் சீவியதும் வடியும் சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை சர்க்கரை உள்ளது. காற்று, பூச்சிகள், கழுவப்படாத கலயம் ஆகியவற்றின் வழியாக மதுவமும் பாக்டீரியாக்களும் சாற்றில் சேர்கின்றன. மதுவம் சர்க்கரையை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. சில மணி நேரத்தில் தொடங்கும் இம்மாற்றத்தால் கள்ளில் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை எத்தனால் உண்டாகிறது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்களின் செயலால் கள் புளித்துக் காடியாகிறது.

கள்ளைப் பன்னாடையில் வடிகட்டுவது வழக்கம். பன்னாடை பூச்சிகளையும் நார்களையும் தடுத்து நிறுத்தும். ஆனால் மதுவ உயிரணுவின் குறுக்களவு ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீட்டர் மட்டுமே என்பதால் அது எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆகவே வடிகட்டிய கள்ளிலும் சிறிது நேரத்தில் மண்டி தங்குகிறது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கிறது. பதநீரின் அடியில் தங்குவது பெரும்பாலும் சுண்ணாம்பே. இதனைக் கள் மண்டியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஊட்டச்சத்து

மதுவ உயிரணுக்களில் புரதமும் பி தொகுதி உயிர்ச்சத்துக்களும் நிறைந்துள்ளன. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்சு 1928 இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். பியர் வடிப்பில் எஞ்சும் மதுவத்திலிருந்து செய்யப்படும் மார்மைட்டு என்ற சாறு அந்நோயைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்து 1931 இல் வெளியிட்டார். அதிலிருந்த காரணி ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவாகியது.

எனினும் மார்மைட்டு என்பது உயிரணுக்கள் சிதைக்கப்பட்ட சாறு. கள் மண்டியிலுள்ள மதுவம் உயிருள்ளது. உயிருள்ள மதுவத்தின் சுவர் குடலில் எளிதில் உடைவதில்லை. அதனால் அதன் உள்ளிருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்து பி1 உடலுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. உணவிலுள்ள தயமினையும் அது உறிஞ்சிக்கொள்ளக்கூடும். எனவே "மண்டி குடித்தால் சத்து" என்ற நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இல்லை.

உடல்நல விளைவுகள்

நல்ல உடல்நலம் உள்ள பெரியவருக்கு மதுவப் படிவு நஞ்சு அன்று. செருமனியில் கோதுமை பியரை அதன் மதுவப் படிவைக் கலக்கியே குடிக்கின்றனர். ஆயினும் பின்வரும் விளைவுகள் அறியப்பட்டுள்ளன:

* வயிற்று உப்புசம், வாயுத் தொல்லை, சிலருக்குப் பேதி. நொதித்தல் முடியாத கள்ளில் இது மிகுதி.
* மதுவத்தில் பியூரின் மிகுதியாக உள்ளது. இது யூரிக் அமிலத்தைக் கூட்டுவதால் கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட்டு நோயாளிகளுக்கு ஏற்றதல்ல.
* நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்கள், சிரை வழிக் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு மதுவம் அரிதாக இரத்தத்தில் தொற்றை உண்டாக்கலாம்.
* மண்டியில் மதுவத்துடன் பிற நுண்ணுயிர்களும் இறந்த பூச்சிகளும் இருக்கலாம். வங்காளதேசத்தில் வௌவால்களால் மாசுற்ற ஈச்ச மரச் சாற்றின் வழியாக நிப்பா வைரசு மனிதருக்குப் பரவியது.

மண்டியை நீக்கிவிட்டால் கள் தீங்கற்றதாகிவிடும் என்பதும் தவறு. எத்தனால் தெளிந்த நீர்ப்பகுதியிலேயே கரைந்துள்ளது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இல் மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது.

மண்டியும் மெத்தனாலும்

கண்பார்வை இழப்பையும் இறப்பையும் உண்டாக்குவது மண்டி என்ற எண்ணம் தவறானது. அவற்றுக்குக் காரணம் மெத்தனால் ஆகும். சர்க்கரைச் சாற்றை நொதிக்கச் செய்யும் மதுவம் மெத்தனாலை ஆபத்தான அளவில் உண்டாக்குவதில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பதாலேயே பெருந்துயரங்கள் நேர்கின்றன. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் இத்தகைய சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் நிறமற்றது, அடியில் படியாதது. ஆகவே மண்டியில்லாத தெளிந்த சாராயம் பாதுகாப்பானது என்று கருதுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குடித்தபின் பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமையலில் பயன்பாடு

கள்ளையும் அதன் மண்டியையும் ஆப்ப மாவைப் புளிக்கவைக்கப் பயன்படுத்துவது கேரளத்திலும் இலங்கையிலும் நெடுநாள் வழக்கம். மாவில் உண்டாகும் கரியமில வாயுவே ஆப்பத்தின் மென்மைக்குக் காரணம். சுடும்போது மதுவம் இறந்துவிடுகிறது, எத்தனாலின் பெரும்பகுதியும் ஆவியாகிறது. தற்காலத்தில் கடைகளில் விற்கும் ஈஸ்ட்டு இதன் இடத்தைப் பிடித்துள்ளது.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி அப்போது அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1939 இல் விரிவாக்கப்பட்டது. 1948 இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன, 1974க்குள் மூடப்பட்டன. 1981 இல் மீண்டும் திறக்கப்பட்ட அவை 1987 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. பதநீர் இறக்குவதற்கு இத்தடை பொருந்தாது. உரிமம் இன்றி வீட்டில் மது வடிப்பதும் குற்றமாகும்.

இவற்றையும் பார்க்க

* கள்
* பதநீர்
* மதுவம்
* நொதித்தல்
* ஆப்பம்