வைரஸ் தொற்றும் செல்லின் ஆக்சிஜன் உணர்வும்: ஒரு வரலாற்று ஆய்வு

வைரஸ் நுழைந்த செல்லில் இரண்டு மாறுதல்கள் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்கின்றன. வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகுவது ஒன்று. இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதே, அது குறைந்துவிட்டதுபோல் செல் இயங்கத் தொடங்குவது மற்றொன்று. இவற்றை ஆராய்ந்த துறைகள் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. 2000-க்குப் பிறகுதான் இரண்டும் ஒரே நிகழ்வின் தொடர்ச்சி என்பது புலப்பட்டது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம்

மிகை ஆக்சிஜனும் எக்ஸ் கதிரும் உடலைத் தாக்கும் வழி ஒன்றே, இரண்டிலும் ஃப்ரீ ராடிக்கல்களே கேடு செய்கின்றன என்று ரெபேக்கா கெர்ஷ்மன் குழுவினர் 1954-இல் முன்வைத்தனர். 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளில் ஒன்றான சூப்பர் ஆக்சைடைச் சிதைக்கும் நொதியைக் கண்டறிந்தனர். அதை அழிக்கத் தனி நொதி இருக்கிறதென்றால், சூப்பர் ஆக்சைடு செல்லில் அன்றாடம் உண்டாகிறது என்பதே பொருள். பாக்டீரியாவைக் கொல்ல வெள்ளணுக்கள் அதையே ஆயுதமாக உமிழ்வதை 1973-இல் பெர்னார்ட் பேபியர் காட்டினார்.

வைரஸ் இந்த வரலாற்றில் சற்றுத் தாமதமாகவே நுழைந்தது. சென்டாய் வைரஸ் பட்ட எலி மண்ணீரல் செல்கள் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜனை வெளியிடுவதை, வேதி ஒளிர்வின் மூலம் எர்ன்ஸ்ட் பீட்டர்ஹன்ஸ் 1979-இல் பதிவு செய்தார். திருப்பம் 1989-இல் நேர்ந்தது. ஜப்பானின் குமமோட்டோவில் ஹிரோஷி மயேடா குழுவினர், இன்ஃபுளுவென்சா தொற்றிய எலிகளுக்குச் சூப்பர் ஆக்சைடைச் சிதைக்கும் நொதியைப் பாலிமருடன் இணைத்துச் செலுத்தினர். தொற்றுக்குப் பின் 5 முதல் 8 நாட்களுக்குள் கொடுத்தபோது எலிகள் சாவிலிருந்து தப்பின. ஆக, நுரையீரலைச் சிதைத்ததில் வைரஸுக்கு மட்டுமல்ல, உடலே உண்டாக்கிய சூப்பர் ஆக்சைடுக்கும் பங்கிருந்தது.

அழுத்தம் வைரஸையும் மாற்றக்கூடும் என்பதை மெலிண்டா பெக், ஆர்வில் லெவாண்டர் ஆகியோரின் 1995-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. செலினியம் இல்லாவிட்டால் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற காப்பு நொதி குன்றும். செலினியம் குறைந்த எலிகளில், தீங்கற்ற காக்சாக்கி பி3 வைரஸ் மரபணு மாற்றம் பெற்று இதயத்தைத் தாக்கும் வகையாக மாறியது. செலினியம் குறைந்த சீனப் பகுதிகளில் காணப்பட்ட கேஷான் இதய நோய்க்கு இது புதிய விளக்கம் தந்தது.

ஆக்சிஜன் உணர்வு

இன்னொரு பக்கம், எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் மரபணுவை ஆராய்ந்த கிரெக் செமென்சா, ஆக்சிஜன் குறையும்போது அதைத் தூண்டும் எச்.ஐ.எஃப்-1 என்ற புரதத்தை 1992-இல் இனங்கண்டார். வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப் ஆகியோரின் குழுக்கள் 2001-இல் அதன் கட்டுப்பாட்டை விளக்கின. ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது, புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் நொதிகள் அப்புரதத்தின் ஒரு பகுதியான எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவில் ஹைட்ராக்சில் குறியிடும். அக்குறியை வி.எச்.எல். புரதம் பற்றிக்கொள்ள, எச்.ஐ.எஃப் சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் குறி விழாது, எச்.ஐ.எஃப் நிலைத்து, குளுக்கோஸ் சிதைவையும் இரத்தக் குழாய் வளர்ச்சியையும் முடுக்கும். இம்மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரு துறைகளின் இணைப்பு

குறியிடும் நொதிகள் இயங்க ஆக்சிஜனுடன் ஃபெரஸ் இரும்பும் வேண்டும். வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்தால் நொதி முடங்கும். ஆக்சிஜன் இருந்தும் எச்.ஐ.எஃப் நிலைக்கும். இந்தப் பொய்ப் பற்றாக்குறையே இரு துறைகளையும் இணைக்கும் முக்கியக் கண்ணி.

ஹெபடைடிஸ் சி வைரஸின் உள்ளகப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கி ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாக்குவது 2002-இல் அறியப்பட்டது. கலிஃபோர்னியாவில் அலீம் சித்திக்கி குழுவினர் 2007-இல் அடுத்த படியை நிறுவினர். அவ்வைரஸ் தொற்றிய செல்களில் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா நிலைத்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைச் சேர்த்தபோது அது குறைந்தது. ஆனால் எல்லா வைரஸும் இதே பாதையில் செல்வதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதம் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவுடன் நேரடியாகச் சேர்ந்து அதன் சிதைவைத் தடுப்பதாக 2004-இல் தெரிவிக்கப்பட்டது. வழி எதுவாயினும் பயன் ஒத்ததே: வேகம் கூடிய குளுக்கோஸ் சிதைவு வைரஸ் பெருகத் தேவையான ஆற்றலையும் மூலப்பொருள்களையும் தருகிறது, புதிய இரத்தக் குழாய்கள் கல்லீரல் புற்றுக்கு இடம்தருகின்றன.

கோவிட் காலச் சான்றுகள்

2020-இல் பிரேசில் ஆய்வாளர்கள், கொரோனா வைரஸ் தொற்றிய மோனோசைட்டுகளில் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாவை நிலைப்படுத்துவதையும், அதனால் வைரஸ் பெருக்கமும் அழற்சியும் கூடுவதையும் காட்டினர். இதற்கு எதிரான முடிவு 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. நுரையீரல் புறச்செல்களில் ஆக்சிஜனைக் குறைத்தாலோ, ராக்சடுஸ்டாட் மருந்தால் எச்.ஐ.எஃப்-ஐ நிலைப்படுத்தினாலோ வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றும் ஏ.சி.இ.2 ஏற்பி குறைந்து வைரஸ் நுழைவு தடைப்பட்டது. ஒரே புரதம் ஒருவகைச் செல்லில் வைரஸுக்கு உதவியது, மற்றொன்றில் அதைத் தடுத்தது.

ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஆக்சிஜன் பற்றாக்குறை எதிர்வினையும் வைரஸ் நோய்களின் பக்க விளைவுகள் அல்ல, நோயின் போக்கையே தீர்மானிப்பவை என்பதை இந்த ஆய்வுகள் நிலைநாட்டுகின்றன. அவற்றின் பலன் வைரஸ், செல்வகை, தொற்றின் கட்டம் ஆகியவற்றைப் பொறுத்து வேறுபடுவதால், ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை எல்லா வைரஸ் நோய்களுக்கும் பொதுமருந்தாகப் பரிந்துரைக்க இச்சான்றுகள் இடம்தரவில்லை.